டிரம்ஸ் வாங்குவதற்கு முன்: தமிழ்ச் சபைகளின் அடையாளமும் புதுப்பித்தலும்

சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் "வாலிபர்கள் ஏன் ஆராதனைக்கு வருவதில்லை?" என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வரும். கீபோர்டும் டிரம்ஸும் வாங்கலாம், பாட்டு வரிகளைத் திரையில் காட்டலாம், கோயிலுக்கு ஏசி போடலாம். மூன்றிலும் தப்பில்லை. நெல்லை வெயிலுக்கு மூன்றாவது நல்ல யோசனையும்கூட. ஆனால் மூன்றையும் செய்து முடித்த சபைகளிலும் கொஞ்ச நாளில் அதே கேள்வி திரும்பி வருகிறது. அடுத்த தெரு பெந்தெகொஸ்தே சபையில் இருக்கும் சாமான்களை வாங்கியாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்ததற்கு என்ன காரணம் என்பதை மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

தென் தமிழகத்தின் பழைய புராட்டஸ்டன்ட் சபைகள் இன்று சந்திக்கும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிந்தவைதான். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்கள் ஆசிரியர்களையும் நர்சுகளையும் குமாஸ்தாக்களையும் பல தலைமுறைகளாக வெளியூருக்கு அனுப்பி வந்திருக்கின்றன. போனவர்களில் பலர் திரும்பிக் குடியேறுவதில்லை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் கார்களில் வந்து இறங்குகிறார்கள், கோயில் நிரம்புகிறது, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் மிஞ்சுவது வயதானவர்களும் சில பள்ளிப் பிள்ளைகளும். சென்னையிலும் கோவையிலும் நிலைமை வேறு. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு இடத்துக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. அது திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல். பெருமன்ற உறுப்பினர் யார், லே செயலர் (குரு அல்லாத செயலர்) யார், பள்ளிக்கூடங்களின் நியமனம் யார் கையில் என்ற போட்டி நீதிமன்றம் வரை போய், சபையின் சக்தியில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. இதெல்லாம் பழைய புலம்பல். இங்கே பேச வேண்டியது இதற்கு முந்திய ஒன்றைப் பற்றி: இந்தச் சபைகள் தாங்கள் யார் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன?

கேட்டுப் பாருங்கள். "நாங்க சி.எம்.எஸ். பாரம்பரியம்" என்பார் ஒருவர், சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற ஆங்கில மிஷனைச் சொல்கிறார். "எங்க கோயிலுக்கு நூற்றைம்பது வருஷம்" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார், ஆனால் அவர் மனதில் இருப்பது சாதி. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் அடையாளம் என்ற பேச்சை எடுத்தாலே சபைகளில் சிக்கல் வருகிறது.

இந்தப் பின்னல் எப்படி உண்டானது என்று பார்க்க நெல்லைக் கிராமங்களின் பிறப்புக்குப் போக வேண்டும். சாத்தான்குளம் பக்கத்திலுள்ள முதலூர் 1799-இல் உருவானது. அந்த வட்டாரத்தின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு என்பதால்தான் அந்தப் பெயர். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை ஊரில் அடித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், நிலத்தைவிட்டு விரட்டினார்கள். அதனால் ஒரு நிலத்தை வாங்கி அவர்களைச் சேர்த்துக் குடியமர்த்தினார் தாவீது சுந்தரானந்தம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் இதையே பெரிய அளவில் செய்தார். தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அதன் பணத்தில் நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களுக்கு ஊர் அமைத்தார். மிஷன் வரைபடத்தில் இப்படிச் சேர்ந்த புது ஊர்ப் பெயர்கள் ஏராளம். அதாவது, இன்று சபையார் பெருமையோடு சொல்லும் "எங்க ஊர்க் கோயில்" பல இடங்களில் அகதிகளின் அடைக்கலமாகத்தான் ஆரம்பித்தது. இந்த உண்மையை நூற்றாண்டு விழா மலர்களில் தேடினால் கிடைப்பது கஷ்டம். கோபுரத்தின் உயரமும் கட்டிய துரையின் பெயரும் இருக்கும்.

அடுத்து தஞ்சாவூர். வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவர்கள் சுவிசேஷக் கவிராயர் என்று கொண்டாடுகிறார்கள். 1829-இல் தஞ்சை மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. புதிதாக வந்த இளம் மிஷனரிகளோடு அவர் நான்கு விஷயங்களில் மோதினார். வேதத்தைப் புதிதாக மொழிபெயர்ப்பது கூடாது என்றார். திருவிருந்தில் (நற்கருணையில்) எல்லாச் சாதியாரையும் கலந்து உட்கார வைப்பது கூடாது என்றார். பண்டிகைகளிலும் கலியாணங்களிலும் பூவை விலக்குவது கொடுமை என்றார். கோயிலிலிருந்து தமிழ் இசையை அகற்றுவது அதைவிடக் கொடுமை என்றார்.

இந்த நான்கையும் ஒன்றாகப் படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது. பூவிலும் இசையிலும் அவர் பக்கம்தான் நியாயம், வரலாறும் அப்படியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1853-இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் உதவியோடு கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று எந்தச் சபைப் பிரிவாக இருந்தாலும் சாஸ்திரியார் பாட்டு இல்லாமல் தமிழ் ஆராதனை இல்லை. ஆனால் சாதி வரிசையில் அவர் நின்ற இடம் தவறானது. இரண்டையும் அவர் ஒரே மூச்சில், ஒரே தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் காப்பாற்றப் பார்த்தார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். கொஞ்ச காலம் கழித்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் கண்டிப்புக் காட்டாததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. இன்றைக்கும் யாராவது "நம்ம பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்" என்று சபையில் எழுந்து பேசும்போது, அதில் எவ்வளவு கீர்த்தனை, எவ்வளவு பந்தி வரிசை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலும், பெண் பார்க்கும் இடத்திலும், தேர்தல் கூட்டணியிலும் அந்தப் பந்தி வரிசை இன்னும் எழுந்து போகவில்லை.

ஆக, அடையாளத்தைக் கண்டெடுப்பது என்றால் பழையது எல்லாவற்றையும் தூசி தட்டி வைப்பது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரித்தெடுக்க வேண்டும். எந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு சபையால் இப்படிப் பிரித்தெடுக்க முடிகிறது? நெல்லை வரலாற்றில் எனக்குத் தெரிந்து அது நடந்தபோதெல்லாம் சபை தன் நலனைவிட்டு வேறு ஒருவருக்காகப் பொறுப்பேற்றிருந்தது.

1860-ஐ எடுத்துக்கொள்வோம். ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் ரேனியஸிடம் படித்தவர். எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை அமைத்தார். 1860-இல் அவர் வட்டாரத்தில் எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) ஒன்று மூண்டது. அந்நியபாஷை (அறியாத மொழியில் பேசுவது), தீர்க்கதரிசனம், கண்ணீரோடு பாவ அறிக்கை என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொட்டிலாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906-இல்தான் தொடங்கின. அதற்கு 46 வருஷம் முன்னாலேயே இங்கே இதெல்லாம் நடந்துவிட்டது. இன்று பழைய சபைக்காரர் ஒருவர் "கை தட்டுறது, சத்தமா ஜெபிக்கிறது நம்ம முறை கிடையாது" என்று சொன்னால் அவருக்குத் தன் மாவட்டத்தின் கதையே தெரியாது என்று அர்த்தம். அதே சமயம், அமெரிக்கச் சபையின் ஆராதனையை வீடியோவில் பார்த்து அப்படியே நகல் எடுக்கும் வாலிபருக்கும் அது தெரியாது. அருளப்பனிடம் காப்பியடிக்க வேண்டுமென்றால் இசைக்கருவியைத் தேட வேண்டாம். சம்பளமில்லாத சாதாரணச் சபையாரை ஊழியத்துக்கு அனுப்பினாரே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் 1903. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வேறு இடத்துக்கு ஊழியர் அனுப்பி வைத்திருப்பதைப் பார்த்தார். அவருக்கு அது உறுத்தியது. நெல்லைத் திருச்சபையோ யாழ்ப்பாணத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது, பள்ளிகளும் கோயில்களும் நிறைந்தது. ஆனால் பெறுகிற கையாகவே பழகிவிட்டது. திரும்பி வந்து, 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் சில நண்பர்களோடு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. மறுவருஷமே சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த டோர்னக்கலுக்கு அனுப்பப்பட்டார். தெலுங்கு பேசும் ஊர். நெல்லைப் பெண்கள் சமைக்கும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசியும் இப்படிப்பட்ட ஊழியங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1909-இல் அசரியா தாமே டோர்னக்கல் போனார், 1912-இல் அங்கே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான்.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். "நம் அடையாளம் என்ன?" என்று ஆராய நெல்லைச் சபை கருத்தரங்கு வைக்கவில்லை. முகம் தெரியாத தெலுங்குக் கூலிக்காரர்களுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக நினைத்தது. அந்த வேலையில் இறங்கிய பிறகு சி.எம்.எஸ்.ஸா, இன்னோர் ஆங்கில மிஷனான எஸ்.பி.ஜி.யா என்ற வேறுபாடு சிறுத்துப் போனது. 1910-இல் எடின்பர்க் மாநாட்டில் அசரியா மேலைநாட்டாரைப் பார்த்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசியது பிரசித்தம். அப்படிப் பேசுவதற்கான தைரியம் ஏழு வருஷமாகத் தன் சபையாரும் கொடுப்பவர்களாக இருந்ததிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கிக்கொண்டே இருப்பவன் நட்பைக் கேட்க முடியாது, உதவியைத்தான் கேட்க முடியும்.

அதே அசரியா 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களில் ஒருவர். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர் அது. பல சபைகளைச் சேர்ந்த அவர்கள், எங்களை நாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் பிரித்து வைத்திருக்கின்றன என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பேச்சுவார்த்தை 28 வருஷம் நடந்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று இங்கிலாந்தில் ஒன்றுசேராதவர்கள் இங்கே சேர்ந்தார்கள். 1950-இல் இந்தச் சபை வெளியிட்ட திருவிருந்து முறைமையில் சமாதான வாழ்த்தைச் சபையார் கையோடு கை கொடுத்துக் கடத்துவது மீண்டும் இடம்பிடித்தது. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த வழக்கம் அது. பிற்பாடு மேலைநாட்டுச் சபைகள் பலவும் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது இந்த முறைமையைப் பார்த்து எழுதின.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்த அன்று பிஷப் ஆனவர்களில் 37 வயது லெஸ்லி நியூபிகினும் ஒருவர், மதுரை–இராமநாதபுரத்துக்கு. அதற்கு முன் காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்தபோது அங்குள்ள ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் படித்தார். மடத்துக் கூடத்தில் மாட்டியிருந்த படங்களில் இயேசுவின் படமும் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு ஆராதனை நடக்கும். அதைப் பார்த்த அவருக்கு, இயேசு இங்கே இந்து உலகப் பார்வைக்குள் ஓர் இடத்தில் சௌகரியமாக வைக்கப்பட்டிருக்கிறார் என்று பட்டது. ரொம்ப காலம் கழித்துத்தான், ஐரோப்பியக் கிறிஸ்தவமும் தன் நவீன உலகப் பார்வைக்குள் இயேசுவை அப்படியே ஒரு சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

1974-இல் சென்னை பிஷப் பதவியிலிருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். சொந்த நாடு மிஷன் களமாக மாறியிருந்ததைக் கண்டார். பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், மூடிவிடலாம் என்று பேசப்பட்ட சின்னச் சபை ஒன்று இருந்தது. எழுபது வயதில் அதன் போதகராகப் பொறுப்பேற்று, அண்டைவீட்டு ஆசியக் குடும்பங்களின் கதவைத் தட்டினார். சுவிசேஷத்தை உலகம் புரிந்துகொள்ள ஒரே விளக்கவுரை, அதை நம்பி அதன்படி வாழும் உள்ளூர்ச் சபைதான் என்று அவர் எழுதியது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சபைப் புதுப்பித்தல் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அடிப்படையாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த மேலைநாட்டுக் கருத்தரங்குச் சரக்கை நம் திருமண்டலங்கள் இப்போது பவர்பாயின்டில் இறக்குமதி செய்கின்றன. சரக்கின் ஒரு பகுதி மதுரைச் செம்மண்ணிலிருந்து போனது என்று சொல்ல யாருமில்லை.

மதுரையிலிருந்தே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்று அறியப்பட்டவர். கர்நாடக ராகக் கீர்த்தனையும் ஆங்கில ஞானப்பாட்டும் ஆண்டுகொண்டிருந்த சபைகளில், நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டையே அமைத்தார். சாவு வீட்டோடும் சாதியோடும் ஒட்டவைத்து ஒதுக்கப்பட்ட பறையும் வழிபாட்டுக்குள் வர வேண்டும் என்று வாதாடினார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், சுரம் பார்த்துப் படித்தவர் அனுமதி தேவையில்லை என்பது அவர் கட்சி. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்து யோசித்தார். சாஸ்திரியாரின் வாதத்தில் சிக்கிக் கிடந்த முடிச்சை அவிழ்த்தவர் என்று இவரைத்தான் சொல்வேன். தமிழ் இசை உள்ளே இருக்கும், பந்தி வரிசை வெளியே போகும். ஆனால் இன்றும் நிறையச் சபைகளில் அவர் பாட்டு பயிற்சி முகாமுக்கும் வாலிபர் கூட்டத்துக்கும் மட்டும்தான். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு அது "மரியாதையாக இருக்காது".

சரி, ஒரு சபை இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? பணச் செலவில்லாத வேலைகள் உண்டு. கோயில் பீரோவில் பூட்டிக் கிடக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, முதல் ஐம்பது பெயர்களைச் சபையாரோடு சேர்ந்து வாசிக்கலாம். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன தொழில், எதற்குப் பயந்து வந்தார்கள் என்பதெல்லாம் அதிலும் பழைய மிஷன் அறிக்கைகளிலும் ஓரளவு கிடைக்கும். சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி, சபை பிறந்த வருஷத்திலிருந்து இன்றுவரை நடந்ததை எல்லோரும் எழுதுவது வெளிநாடுகளில் சபை ஆலோசகர்கள் செய்யும் பயிற்சி. நம் ஊரில் அதற்கு ஒரு திருத்தம் தேவை. பிஷப் வந்த தேதிகளோடு நின்றுவிடாமல், யார் எப்போது சபையைவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்றும் எழுத வேண்டும். சண்டையில் போனவர்கள், சாதியால் போனவர்கள், பெந்தெகொஸ்தேக்குப் போனவர்கள். போனவர்களில் நான்கு பேரை வீட்டில் போய்ப் பார்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. மனம் கசக்கும், ஆனால் டிரம்ஸ் வாங்குவதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

இதைக் குருவானவர் தலையில் கட்டக் கூடாது. அவர் சில வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், அடுத்தவர் வேறு திட்டத்தோடு வருவார். சபையில் நிலைத்து இருப்பவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும்தான். சேகரக் கமிட்டியில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்கிறது என்பதைப் பார்த்தாலே அந்தச் சபை எவ்வளவு தூரம் போகும் என்று கணித்துவிடலாம். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது, 2013-இல் நந்தியாலில் ஒரு பெண் பிஷப்பும் ஆனார். ஆனாலும் பல ஊர்களில் பெண் குருவானவரைப் பார்த்து "ஐயா எங்கே?" என்று கேட்கும் பழக்கம் போகவில்லை.

இதற்கிடையில், அசரியா தேடிப் போன மாதிரி ஆட்கள் இப்போது அவர்களாகவே வந்துகொண்டிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் ஜார்கண்ட், ஒடிசா, வடகிழக்கிலிருந்து வந்திருப்பவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிறு காலை தமிழ்க் கோயிலின் கடைசி பெஞ்சில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். சில நகரச் சபைகள் அவர்களுக்கு மதியம் இந்தி ஆராதனை நடத்தக் கட்டடத்தைத் தருகின்றன. நல்ல காரியம்தான், ஆனால் அந்த மதியக் கூட்டத்திலிருந்து எவர் பெயரும் சபை வாக்காளர் பட்டியலில் ஏறுவதில்லை, எவரும் கமிட்டியில் உட்காருவதில்லை, சபை அசனத்தில் பந்தி பரிமாற எவரையும் கூப்பிடுவதில்லை. அந்தப் பட்டியலைத் திறப்பதற்குத் திருமண்டல விதிகளில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அடுத்த பெருமன்றக் கூட்டத்தில் யாராவது தீர்மானமாகக் கொண்டுவந்தால், தேர்தல் கணக்கில் எந்த அணிக்கு அது லாபம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தீர்மானம் முதலில் மேசைக்கு வரட்டும்.